மூத்த மாப்பிள்ளை செய்த கீபோர்டு

ஜனவரி 25, ஞாயிறு

இன்று என் மைத்துனி வெண்ணிலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். உறையூரில் மாமியார் வீட்டில் கேசரி, பஜ்ஜி எல்லாம் முறைப்படி நடந்தது. மாப்பிள்ளையின் பெயர் நந்தகோபன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பஜ்ஜி சாப்பிட்ட கையைக் கழுவக் கொல்லைப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. பெண்ணைப் பிடிக்காமல் அப்படியே போய்விட்டாரோ என்று எல்லோரும் முழிக்கிறோம். போய்ப் பார்த்தால், ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி, நூல் சுற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில் குழாய் ரிப்பேர் செய்கிற மனிதரை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். என் மாமியார் சௌந்தரவல்லி அத்தைக்குக் கண்ணெல்லாம் மின்னியது.

"கையில வேலை இருக்கிற புள்ள," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எங்க மூத்த மாப்ள பாவம், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்ல உக்காந்தே கெடப்பாரு," என்று அவர்களிடம் சொன்னார்.

பாவமாம்!

எனக்குப் பொறாமை கிடையாது. இதை எழுதி வைப்பது, நாட்குறிப்பில் உண்மையை எழுத வேண்டும் என்பதற்காக மட்டுமே. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயும்தான் தீபாவளியிலிருந்து ஒழுகுகிறது. நான் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். ஒரு சொட்டுகூட வீணாவதில்லை.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். ஊருக்கெல்லாம் விடுமுறை, எனக்கில்லை. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு டைப் செய்து கொடுப்பது என் தொழில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே செய்கிறேன். இது கை வேலை இல்லாமல் கால் வேலையா?

மத்தியானம் கீபோர்டில் ஆங்கில 'இ' எழுத்து மாட்டிக்கொண்டது. அந்த எழுத்து இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு நோயாளியைக்கூடப் படுக்க வைக்க முடியாது. புதிது வாங்கலாம் என்று இணையத்தில் தேடும்போது அதைப் பார்த்தேன். போலந்தில் யாரோ ஒருவர் தானே செய்த கீபோர்டு. பித்தளைத் தகடு, பழைய டைப்ரைட்டரின் வட்ட எழுத்துகள், பக்கத்தில் நீராவி இஞ்சினிலிருந்து எடுத்த அழுத்தமானி. இந்தப் பாணிக்கு ஸ்டீம்பங்க் என்று பெயராம். நீராவிக் காலத்து ஆட்களிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தால் எப்படிச் செய்திருப்பார்களோ அப்படிச் செய்வது.

நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். இதற்கும் நேற்று நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 29, வியாழன்

நிச்சயதார்த்தம் பிப்ரவரி 22 என்று முடிவாகிவிட்டது. வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் கீபோர்டை முடித்து, அன்றைக்கு எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி எதேச்சையாக எடுத்துப் போக வேண்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பொன்மலை சந்தைக்குப் போனேன். பழைய சாமான் விற்கும் வரிசையில் ஒரு டைப்ரைட்டர் கிடைத்தது. உருளை இல்லை, நாடா இல்லை, ஒரு பக்கம் முழுக்கத் துரு. ஆனால் எழுத்துப் பொத்தான்கள் எல்லாம் கண்ணாடி மூடியும் வெள்ளி வளையமுமாகக் குறையில்லாமல் இருந்தன. வரி முடியும்போது அடிக்கிற சின்ன மணியும் உயிரோடு இருந்தது. தட்டிப் பார்த்தேன். 'டிங்' என்றது. அந்தச் சத்தத்தில் மனம் லயித்துப்போய், முள் நகராத ஓர் அழுத்தமானியையும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வரும்போது எதிரே நந்தகோபன்! அவர் அம்மாவுக்குக் கருணைக்கிழங்கு வாங்க வந்தாராம். "குடுங்க சார்" என்று வாங்கி, பைக்கில் வைத்து, வீடுவரை கொண்டுவந்து இறக்கினார். நான் கிழங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அடித்தகடு எதுல சார்?"

"பித்தளை."

"பித்தளை கரண்ட் கடத்துமே சார். ஒயர் பட்டுறாம பாத்துக்கங்க."

தெரியும் என்றேன். இப்போது தெரியும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பொத்தான்களுக்கு அடியில் வைக்கும் சுவிட்சுகளும், அவற்றைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் சின்ன கண்ட்ரோலர் போர்டும் தபாலில் வந்துவிட்டன. இனி பித்தளைத் தகடுதான் பாக்கி.

மதியம் டெக்சாஸ் இருதய டாக்டர் ஒருவர் விழுங்கி விழுங்கிப் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து மங்கை வந்து ஏதோ சொன்னாள். மங்கை என் மனைவி, முழுப் பெயர் மங்கையர்க்கரசி. ஹெட்போன் வழியே 'பழைய பித்தளை', 'மூட்டை', 'கடையில்' என்று மூன்று சொற்கள் மட்டும் வந்தன. "ம்" என்றேன். போய்விட்டாள்.

இதை நான் ஒரு முறையாகவே வைத்திருக்கிறேன். ஹெட்போன் போட்டிருக்கையில் அவள் எது சொன்னாலும் "ம்". அவளுக்கும் சொன்ன திருப்தி, எனக்கும் வேலை கெடுவதில்லை. பதினோரு வருடத் தாம்பத்தியத்தில் இதனால் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

மங்கை காய்கறி வாங்கப் போயிருந்தபோது பரணில் ஏறினேன். பழைய பித்தளையைக் கடையில் போட்டுப் புதுப் பாத்திரம் எடுக்கப் போகிறாள் என்பது அவள் சொன்னதிலிருந்து புரிந்துவிட்டது. போவதில் எனக்கு ஒன்று வந்தால் யாருக்கு நஷ்டம்?

ஒரு சாக்கு மூட்டையில் நசுங்கிய குடம், கால் உடைந்த குத்துவிளக்கு, இடியாப்ப உழக்கு. ஒன்றும் தேறவில்லை. மூட்டைக்குப் பக்கத்திலேயே பழைய வேட்டியில் சுற்றி ஒரு பெரிய தாம்பாளம் இருந்தது. கறுத்துப்போயிருந்தாலும் என்ன கனம், என்ன கனம்! இந்தக் காலத்தில் இப்படி ஒரு தகடு எங்கே கிடைக்கிறது? எனக்காகவே வைத்தது போல இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

அரியமங்கலத்தில் கம்ப்யூட்டர் வைத்துத் தகடு வெட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. தாம்பாளத்தின் நடுவில் நீளச் சதுரமாக ஒரு துண்டு, அதில் பொத்தான்களுக்குச் சின்னச் சின்ன சதுர ஓட்டைகள் என்று வரைந்து கொண்டுபோனேன். பட்டறைக்காரர் தட்டைத் திருப்பிப் பார்த்து, "பேர் வெட்டியிருக்கே சார், பரவாயில்லையா?" என்று கேட்டார். சீர் கொடுத்த பாத்திரம் என்றால் பெயர் வெட்டாமலா இருப்பார்கள், எங்கள் வீட்டில் குழம்புக் கரண்டியில்கூட யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது என்றேன். கறுப்பில் என்ன பெயர் என்று படிக்கவும் முடியவில்லை.

அரை மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். வேலை கச்சிதம். நடுவில் ஓட்டை விழுந்த தாம்பாளத்தையும் கையில் கொடுத்தார். தூக்கிப் போட மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

பிப்ரவரி 7, சனி

இன்று காலை மங்கை வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினாள். குடல் டாக்டர் ஒருவர் முக்கியமான கட்டத்தில் இருந்தார். "ம்" என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மறுபடி ஏதோ கேட்டாள். மறுபடி "ம்" என்றேன். போய்விட்டாள்.

அடுக்களையில் பாத்திரங்கள் சற்று சத்தமாக வைக்கப்பட்டன. அம்மா வீட்டு விசேஷம் நெருங்குவதால் பதற்றம் போலிருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கம் புள்ளிப் புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தெரிய ஆரம்பித்தன. 'சௌந்' வரை இருக்கிறது, அதற்கப்புறம் ஓட்டை. யாரோ ஒரு சௌந்தரம். உலகத்தில் எத்தனையோ சௌந்தரங்கள்.

பிற்பகல் முழுக்க ஈயப்பற்று வைத்தேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு, வரிசைக்கு ஒரு ஒயர், பத்திக்கு ஒரு ஒயர். இரண்டு விரல் சுட்டுவிட்டது. ஆனாலும் சொல்கிறேன், இத்தனை சந்தோஷமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கீபோர்டைக் கம்ப்யூட்டரில் செருகினேன். நான் தொடுவதற்கு முன்பே அது டைப் அடிக்கத் தொடங்கியது. எல்லா எழுத்தும், பக்கம் பக்கமாக. ஒயர்கள் பித்தளையில் பட்டுக்கொண்டிருந்தன. நந்தகோபன் சொன்னது சரி என்று இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

நடுவில் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் தாள் வேண்டும். தேடியதில் அத்தையின் முட்டி எக்ஸ்ரே அகப்பட்டது. போன வருடம் எடுத்தது. டாக்டரே பார்த்து முடித்துவிட்டார், இனி அதற்கு என்ன வேலை? அளவாகக் கத்தரித்து வைத்தேன். பித்தளைக்கும் ஒயருக்கும் நடுவே அத்தையின் முட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. இம்முறை தொட்ட எழுத்து மட்டும் வந்தது. தணிகாசலம் என்று என் பெயரை அடித்துப் பார்த்தேன். பிறகு, இது முழுக்க என் சொந்த ஏற்பாடு, எண்டர் பொத்தானை ஒரு நெம்புகோலால் மணியோடு இணைத்தேன். எண்டர் அடித்தால் 'டிங்'! கரண்டே தேவையில்லை.

சத்தம் கேட்டு மங்கை வந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். மங்கை வாயிலிருந்து இது வந்தது என்பதற்காகத் தேதியோடு குறித்து வைக்கிறேன்.

வாசல்படி வரை போனவள் திரும்பி, "அம்மா தட்டு பாலீஷ் போட்டு வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"ம்," என்றேன் பழக்க தோஷத்தில். அப்புறம், "எந்தத் தட்டு?" என்றேன்.

"அன்னிக்கே சொன்னேனே. நிச்சயத்துக்குத் தட்டு மாத்துற தாம்பாளம். அம்மா குடுத்து விட்டாங்க, பரண்ல பழைய பித்தளை மூட்டைக்குப் பக்கத்துல வேட்டியில சுத்தி வச்சிருக்கேன், கடையில குடுத்து பாலீஷ் போட்டு வாங்கி வைங்கன்னு. நீங்க ம்-னீங்களே."

இன்று சப்பாத்தி. எனக்குப் பசி இல்லை.

பிப்ரவரி 11, புதன்

குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இன்றும் இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும். அந்தச் சௌந்தரம் எங்கள் சௌந்தரம்.

அத்தையின் நிச்சயத்துக்கு மாற்றிய தட்டு அது. எனக்கும் மங்கைக்கும் மாற்றியதும் அதே தட்டில்தான். நடுவில் ஒரே ஒரு தடவை, அத்தையின் தம்பி மகனுக்கு, நாகரிகமாக இருக்கட்டும் என்று யாரிடமோ வெள்ளித் தட்டு வாங்கி மாற்றினார்கள். அந்தக் கல்யாணம் பந்தக்கால் நட்ட பிறகு நின்றுபோனது. அன்றிலிருந்து அத்தை உறுதியாகச் சொல்லிவிட்டார், இந்த வீட்டில் இனி அந்தத் தாம்பாளம் இல்லாமல் வெற்றிலை மாற்றுவதில்லை என்று. தாம்பாளம் இல்லையென்றால் வெண்ணிலாவுக்கு நிச்சயம் இல்லை. குழாய் ரிப்பேர் செய்தவர் சின்ன மாப்பிள்ளை, நிச்சயத்தைக் கெடுத்தவர் மூத்த மாப்பிள்ளை என்று ஊர் சொல்லும். நான் செத்தேன்.

பிப்ரவரி 14, சனி

சின்னக் கடைத் தெருவில் ஒவ்வொரு பாத்திரக் கடையாக ஏறி இறங்கினேன். இப்போதைய தாம்பாளங்கள் எல்லாம் அப்பளம் மாதிரி இருக்கின்றன. ஓரளவு கனமான ஒன்றைப் பிடித்து, பெயர் வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரர் பெயர், இனிஷியல், வருஷம் கேட்டார். பழைய தகட்டில் அந்த இடமெல்லாம் ஓட்டை. மங்கைக்குப் போன் செய்து, சாதாரணமான குரலில், "உங்கம்மா இனிஷியல் என்ன?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சு எதுக்கு சும்மா?"

போனை வைத்துவிட்டேன். கடைக்காரர் மெஷினை எடுத்துக் காட்டினார். பல் டாக்டர் மெஷின் மாதிரி ஓடி, சினிமாப் பெயர் போல வளைத்து வளைத்து எழுதுகிறது. அத்தையின் தட்டில் இருப்பதோ உளியால் புள்ளி வைத்து வெட்டியது. ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வெறும் கையோடு வந்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

அத்தை போனில் கூப்பிட்டார். தட்டு பளபளவென்று இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது அத்தை என்றேன். இது பொய் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று பொன்மலைப் பணிமனை வாசலில் ஷிப்ட் முடியும்வரை காத்திருந்து நந்தகோபனைப் பார்த்தேன். வேறு யாரிடம் போவது? அவருடைய நிச்சயத் தட்டு, அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். டீக்கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே உட்பட.

கடைசிவரை சிரிக்காமல் கேட்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். அதற்கப்புறம் சிரித்தார். காம்பவுண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ ஆறிப்போனது.

"சார், நடுவுல வெட்டுனது போக மிச்சத் தட்டு இருக்கா?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு."

"அப்ப தட்டு இருக்கு சார். நடுவுல ஓட்டை மட்டுந்தான். அந்த ஓட்டை அளவுக்குத்தானே உங்க கீபோர்டு? எடுத்த எடத்துலயே திரும்ப வச்சு, பின்னாடி பட்டை குடுத்து முடுக்கிரலாம். மேல பட்டுத்துணி, வெத்தல, தேங்கா. யாருக்குத் தெரியும்?"

இப்படி ஒரு யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. வியாழக்கிழமை வருகிறேன் என்றார். போகும்போது, "அக்காட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று கேட்டார். சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன்.

பிப்ரவரி 19, வியாழன்

மங்கை உறையூருக்குப் பலகாரம் சுடப் போயிருந்தாள். நந்தகோபன் கருவிப் பையோடு வந்தார். இருவருமாகச் சேர்ந்து வேலையை முடித்தோம். அவர் துளை போட்டார், பட்டை வளைத்தார், திருகு முடுக்கினார். நான் டார்ச் பிடித்தேன்.

கீபோர்டைத் திருப்பி உள்ளே பார்த்தவர் ஒவ்வொரு ஒயராக விரலால் தொட்டுக்கொண்டே போனார். "இத்தனை ஒயரையும் நீங்களே பத்த வச்சீங்களா? எனக்கு இரும்ப வெட்டத் தெரியும், அடிக்கத் தெரியும். இந்தப் பொறுமை வராது சார்," என்றார்.

எனக்குப் பொறுமை வரும் என்று ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறவரே சொல்லிவிட்டார். இந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைக்கிறேன்.

மணியைக் கழற்றிவிடலாம் என்றார். அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. இதில் முழுக்க முழுக்க என் மூளை என்றால் அந்த மணிதான். எண்டரை அழுத்தினால்தானே அடிக்கும், வெற்றிலையா அழுத்தப் போகிறது என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

கிளம்பும்போது குளியலறையில் சொட்டும் சத்தம் அவர் காதில் விழுந்துவிட்டது. பைக்குள் கை போனது. "வேண்டாம், அது என் குழாய்," என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

நாளை நிச்சயம். மங்கை கூடத்தில் உட்கார்ந்து நாளைக்குக் கொடுக்கத் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். பரண், பட்டறை, சின்னக் கடைத் தெரு, நந்தகோபன், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் பேசப் பேச அவள் பைக்குள் வெற்றிலையும் பாக்கும் போட்டபடியே இருந்தாள்.

முடித்ததும், "ம்," என்றாள்.

"கேட்டியா நான் சொன்னத?"

"ம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் விசும்பல் கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கட்டிலுக்கு அடியில தெனமும் பெருக்குறது யாருன்னு நெனச்சீங்க? வெட்டுன மறுநாளே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"சொன்னேனே. அம்மா தட்ட ஏன் இப்புடி வெட்டி வச்சிருக்கீங்கன்னு வந்து நின்னு கேட்டேன். ம்-னீங்க. அம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேட்டேன். அதுக்கும் ம்-னீங்க. ஹெட்போன் போட்டிருந்தீங்க."

நான் இந்த நாட்குறிப்பில் ஏழாம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். இருக்கிறது. குடல் டாக்டர்.

அப்படியானால் அத்தையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பாக்குப் பொட்டலத்தை முடிந்து பைக்குள் போட்டாள். "நீங்க ஒரு பொருள உக்காந்து செஞ்சு நான் பாத்ததே இல்ல. வெரல சுட்டுக்கிட்டு, புளி போட்டுத் தேச்சுக்கிட்டு, தனியா சிரிச்சுக்கிட்டு. முடிக்கட்டும்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் நீங்களா வந்து சொல்லுவீங்களான்னு பாத்தேன். அன்னிக்கு தட்ட பத்தி கேட்டதும் அதுக்குத்தான்," என்றாள். பன்னிரண்டு நாள் என்னைப் பட்டினி போட்டதற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு பையை என்னிடம் கொடுத்து, வெற்றிலை போடச் சொன்னாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து எல்லாப் பையையும் போட்டு முடித்தோம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

பட்டுத்துணி விரித்து, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழச் சீப்பு, நடுநாயகமாகத் தேங்காய். தாம்பாளத்தின் விளிம்பு ஜொலித்தது. அத்தை விளிம்பைத் தடவிப் பார்த்து, "பாலீஷ் நல்லா போட்டிருக்காங்க," என்றார். மங்கை என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

லக்ன பத்திரிகை வாசித்தார்கள். அத்தையின் தம்பி எங்கள் தட்டைத் தூக்கினார். கனத்தில் முகம் லேசாகக் கோணியது. எதிர்ப்பக்கத்தில் நந்தகோபனின் பெரியப்பா, நல்ல வயதானவர், இரண்டு கையையும் நீட்டினார். "பெண்ணைக் கொடுக்கச் சம்மதம்," என்று இவர் சொல்ல, "எடுக்கச் சம்மதம்," என்று அவர் சொல்ல, தட்டு கைமாறும்போது லேசாகச் சாய்ந்தது. தேங்காய் உருண்டது. எண்டர் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது.

டிங்.

கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் என் இருதயத்தை எந்த டெக்சாஸ் டாக்டரும் ஹெட்போன் இல்லாமலே கேட்டிருக்கலாம். நந்தகோபன் தன் கால் விரல்களை எண்ண ஆரம்பித்தார்.

பெரியப்பா கண்ணை மூடினார். "மணி அடிச்சுருச்சு," என்றார் தழுதழுத்து. "சம்மதம்னு வாயெடுத்த நேரத்துல மணி. இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்?" கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மணி எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் போட்டுக்கொண்டேன். தட்டைக் கீழே வைக்கும்போது தேங்காய் மறுபடி அசைந்து இன்னொரு டிங். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் அழுதேவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை என்னை அடுக்களைக்கு அழைத்தார். மேடையில் தாம்பாளம். வெற்றிலை இல்லை, துணி இல்லை. டைப்ரைட்டர் எழுத்துகள் வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"தட்ட வெட்டிட்டீங்க மாப்ள."

"ஆமா அத்தை. நான்தான்."

"என்னயக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும் அத்தை."

தட்டைத் திருப்பினார். ஓட்டைகளுக்கு நடுவே அவருடைய பெயரின் மிச்சத்தைத் தேடினார். பின்பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த பிலிமை இழுத்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். உங்கள் முட்டி அத்தை என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களிலேயே கடினமானது அதுதான்.

அத்தை பிலிமை விரலால் மறுபடி உள்ளே தள்ளினார். பிறகு தட்டை நேராக வைத்து என் பக்கம் தள்ளினார்.

"அந்த மணிய இன்னொரு தடவ அடிங்க," என்றார்.

அடித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே பாயசம் ஊற்றப் போய்விட்டார். வெளியே வந்தால் நந்தகோபன் கை கழுவும் இடத்தில் நின்றிருந்தார். "என்ன சகல, உயிரோட வந்துட்டீங்க," என்றார். சார் இல்லை. சகலை. இருக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

கீபோர்டு இன்னும் என் கைக்கு வரவில்லை. மணி அடித்த கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. லால்குடியில் அத்தையின் ஒன்றுவிட்ட அக்கா பேத்திக்கு நிச்சயமாம், அந்தத் தட்டுதான் வேண்டும் என்று வாங்கிப்போயிருக்கிறார்கள். அடுத்து முசிறி. அதற்கடுத்து ஸ்ரீரங்கத்தில் யாரோ. அத்தை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். கீபோர்டைத் திருப்பிக் கேட்டால், முகூர்த்தமெல்லாம் முடியட்டும் மாப்ள என்கிறார். நான் பழைய கீபோர்டில் 'இ' எழுத்தைக் குத்திக் குத்தி டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்று கறாராகப் பேசித் தட்டை வாங்கி வந்துவிடுவது என்று முடிவு செய்து உறையூருக்குப் போனேன். மணியின் திருகு தளர்ந்திருக்கும், பேட்டரி எதுவும் இல்லாவிட்டாலும் பராமரிப்பு வேண்டும், இப்படி நாலைந்து காரணங்களை வழியெல்லாம் தயார் செய்துகொண்டே போனேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. முசிறியிலிருந்து யாரோ ஓர் அம்மாள் தட்டு வாங்க வந்திருந்தார். இந்த மாதிரித் தட்டு எந்தக் கடையில் கிடைக்கும், நாங்களும் ஒன்று வாங்கிவிடுகிறோமே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடையிலயா? எந்தக் கடையிலயும் கெடைக்காது," என்றார் அத்தை. "இது எங்க மூத்த மாப்ள தன் கையாலயே செஞ்சது. ஒவ்வொரு எழுத்தா வச்சு, வெரலெல்லாம் சுட்டுக்கிட்டு செஞ்சது. பத்தரமா வச்சுக்குங்க. மணிய சும்மா சும்மா அடிக்காதீங்க, அவருக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு."

ஹெட்போன் இல்லை. ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

உள்ளே போகவில்லை. கழற்றிய செருப்பைச் சத்தமில்லாமல் மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். உறையூர் கடைத்தெருவில் குழாய்க்கு ஒரு வாஷரும் கொஞ்சம் நூலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.